ஒரே நம்பரில் இரண்டு பேர்

செனாவாங் ஊரில் ஒரு சாஃப்ட்வேர் ஆபீஸில் சேர்ந்து மூன்றாம் மாதம். வேலை நிரந்தரமா இல்லையா என்பது அந்த வாரம்தான் முடிவாகும். அந்த நேரம் பார்த்து, சீனியர் எழுதிய புரோகிராமைச் சரிபார்க்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. லாபு ஊர்ப் பக்கம், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டங்களில் யார் என்ன வேலை செய்தார்கள் என்று பதியும் ஆப் அது. திங்கட்கிழமை அது தோட்டங்களில் பயன்பாட்டுக்கு வர வேண்டும்.

“சும்மா பார்த்துட்டு அப்ரூவ் பண்ணும்மா. ஓட்டிப் பார்த்தாச்சு லா,” என்றார் சீனியர்.

எனக்குச் சும்மா பார்க்கத் தெரியாது. மற்றவர்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் கேம் விளையாடி, அதை நோண்டிக் கோடிங் கற்றவர்கள். நான் எஸ்டேட் வீட்டில், அக்காவின் விரிசல் விட்ட போனில் பாடம் பார்த்து, நோட்டில் பென்சிலால் எழுதிக் கற்றவள். ஓட்டிப் பார்க்க மெஷின் ஏது? வரிக்கு வரி நானேதான் மெஷின். இதைக் கேட்டுக் கேண்டீனில் எல்லாரும் சிரித்தார்கள். சிரிக்கட்டுமே!

அப்படி வரிவரியாய்ப் படித்தபோது ஓர் இடத்தில் நின்றுவிட்டேன். ஒரே நாளில் ஒரே தொழிலாளர் நம்பரில் இரண்டு பதிவு வந்தால், இரண்டாவதை அழித்துவிட வேண்டுமாம். யாரோ தெரியாமல் இருமுறை அமுக்கிவிட்டார்கள் என்று அவர் நினைப்பு. எனக்குச் சுர்ரென்று ஏறியது. லாபுவில் இன்றைக்கும் அப்பா குலை வெட்டுகிறார், அம்மா பின்னாலேயே குனிந்து உதிர்ந்த பழம் பொறுக்குகிறார். இருவருக்கும் அப்பாவின் நம்பர்தான்.

“அண்ணே, இப்படியே போனா பொம்பளைங்க செஞ்ச வேலை பூரா காணாம போயிரும்.”

“ஒரு நம்பர்ல எப்படிம்மா ரெண்டு பேரு? டெஸ்ட் எல்லாம் பாஸ் ஆச்சே.”

“டெஸ்ட் எழுதுனதும் நீங்கதானே! தோட்டத்துல கால் வச்சிருக்கீங்களா?”

வாய் முந்திக்கொண்டது. போச்சு, வேலை போச்சு என்று நினைத்தேன். ஆனாலும் அப்ரூவ் பட்டனைத் தொடவில்லை. முகம் சிவந்த அவர், தோட்டத்தில் ஆட்களை மேற்பார்க்கும் மண்டோருக்கே போன் போட்டு, எல்லாரும் கேட்கும்படி ஸ்பீக்கரில் வைத்தார்.

“ஆமா லா, புருஷன் வெட்டுவான், பொண்டாட்டி பொறுக்குவா. ஒரே நம்பர்தான். ஏன், தெரியாதா?”

அண்ணன் தலையைச் சொறிந்தார்.

“தப்பு என்னோடதுதான். நீ எழுதும்மா, நான் சரிபார்க்கிறேன்.”

வேலை செய்கிற ஒவ்வொருவருக்கும் தனி நம்பர் என்று மாற்றினேன். அவர் ஒரு வரி விடாமல் படித்து அப்ரூவ் செய்தார். வெள்ளிக்கிழமை வேலையும் நிரந்தரமானது.

திங்கட்கிழமை மத்தியானம் அம்மா தோட்டத்திலிருந்து போன் செய்தார்.

“மண்டோர் எனக்குன்னு தனி நம்பர் குடுத்துட்டாருடி! சொல்றேன், எழுதிக்கோ.”