டிங்கர் அடித்த ஜீப் கதவு

அந்தத் தெருவில் அவருக்குப் பெயரே டிங்கர்தான். நசுங்கிய கார் கதவு, மடிந்த பானெட், முட்டி உள்ளே போன மட்கார்டு என்று எது வந்தாலும் தட்டி நிமிர்த்திவிடுவார். சிறு வயதிலிருந்தே இரும்பின் மேல் இரும்பு விழுந்த சத்தம், அவர் நாற்பதைத் தொடும்போதே இரண்டு காதையும் தின்று முடித்திருந்தது. அதற்காக அவர் வருத்தப்பட்டதில்லை. வலது கையில் சுத்தியல், இடது கையில் தகட்டின் உள்பக்கம் அணைத்துப் பிடிக்கும் இரும்புக் கட்டை. அடி சரியாக விழுந்ததா இல்லையா என்று அந்த இடது உள்ளங்கை அவருக்குச் சொல்லிவிடும். மனிதர்கள் பேசுவதைச் சொல்லத்தான் மனைவி. தோளில் ஒரு தட்டு, பிறகு காதோடு வாய் வைத்து ஒரு கத்தல்.

பட்டறைக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறைதான் வீடு. அதற்குத் தனி வாசல் கிடையாது. ஷட்டரைத் தூக்கினால்தான் அடுப்படிக்கே போக முடியும்.

நான் நகராட்சியின் இரைச்சல் கட்டுப்பாட்டுப் பிரிவில் உதவியாளன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிய முதல் ஆள்; இயற்பியலில் பட்டம். சத்தத்தை அளக்கும் மீட்டரை என் கையில் கொடுத்த அன்று அப்பாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். “சத்தத்த அளக்குறதா? அதுக்குமாடா சம்பளம் குடுக்குறாங்க?” என்று கேட்டுவிட்டு, தெருவெல்லாம் சொல்லிவிட்டு வந்தார்.

டிங்கரின் மேல் புகார் கொடுத்தவர் எதிர்வீட்டு மாடியில் இருந்த ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். மதியத் தூக்கம் போகிறதாம். எங்கள் சூப்பர்வைசர் பட்டறைக்குப் போய் விதியைச் சொன்னார்: இரண்டு வாரம் கழித்து ஒரே ஒரு சோதனை. வாத்தியார் ஜன்னலில் அரை மணி நேரம் அளப்போம். சராசரி ஐம்பத்தைந்து டெசிபலுக்குள் இருந்தால் பட்டறை இருக்கும். ஒன்று கூடினாலும் சீல்.

இரண்டு வாரமும் அந்தப் புருஷனும் பெண்டாட்டியும் தூங்கவில்லை என்றே சொல்லலாம். சுவரெல்லாம் பழைய மெத்தையைக் கிழித்து ஒட்டினார்கள். இரும்புச் சுத்தியலை விட்டு மரச் சுத்தியலுக்கு மாறினார். இடது கைக் கட்டைக்கு நாலு மடிப்புத் துணி சுற்றினார். அவர் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுபவள், எதிர்ச்சுவரோரம் நின்று, சத்தம் கூடினால் கையைத் தாழ்த்துவாள். அவர் அதைப் பார்த்து அடியைக் குறைப்பார். ஒரு நாள் அந்த வழியாகப் போனபோது நானே அளந்து பார்த்தேன். ஐம்பத்திரண்டு.

“தாங்கும் அக்கா,” என்றேன்.

“உங்க வாய்க்குச் சக்கரை போடணும் தம்பி,” என்றாள்.

சோதனை அன்று சூப்பர்வைசர் ஆபீஸ் ஜீப்பிலேயே வந்தார். வலதுபக்கக் கதவு எங்கோ இடித்துக் குழிந்திருந்தது. அதைக் கழற்றி இறக்கச் சொன்னார்.

“சும்மா தட்டிக் காட்டுனா ஒத்துக்க மாட்டேன். நெஜ வேலை நடக்கணும். இந்தக் கதவ எடு. சோதனையும் ஆச்சு, வண்டி வேலையும் ஆச்சு.” பிறகு அக்காவைப் பார்த்தார். “நீ உள்ள போய் உக்காரும்மா. கைய ஆட்டி ஜாடை காட்டுற வேலையெல்லாம் இங்க வேணாம்.”

அக்கா உள்ளே போனாள். போகும்போது புருஷன் காதில் ஏதோ கத்திவிட்டுத்தான் போனாள். அவர் கதவையே பார்த்துக்கொண்டு தலையாட்டினார்.

மாடியில் வாத்தியார் எங்களுக்கு நாற்காலி போட்டு, தானும் ஜன்னலோரம் சாய்வு நாற்காலியில் சாய்ந்தார். கீழே வேலை தொடங்கியது. முதல் பத்து நிமிடம் மீட்டர் ஐம்பத்திரண்டைத் தாண்டவில்லை.

பாதி இறக்கிய ஷட்டருக்குக் கீழே அவர் கைகள் மட்டும் தெரிந்தன. அடிப்பதை நிறுத்திவிட்டுக் குழியின் விளிம்பைத் தடவினார். மறுபடி அடித்தார். மறுபடி தடவினார். துணி சுற்றிய கட்டையில் அவருக்கு எதுவும் தட்டுப்படவில்லை போலும். சர்க்கார் ஜீப். கதவு கண்ணாடி மாதிரி வந்துவிட்டால் அதிகாரிக்கு மனசு குளிரும் என்று நினைத்திருக்கிறார். துணியை அவிழ்த்துப் போட்டார். மரச் சுத்தியலை வைத்துவிட்டு இரும்பை எடுத்தார்.

ஐம்பத்தொன்பது. அறுபத்தொன்று. அறுபத்துமூன்று.

நான் கையை ஆட்டியிருக்கலாம். என் கையில் மீட்டர் இருந்தது.

“போச்சு,” என்று சிரித்தார் சூப்பர்வைசர். “அங்க பாருய்யா, புகார் குடுத்தவர!”

வாத்தியார் வாயைத் திறந்துகொண்டு குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

“சார், இவர்தான் தூங்குறாரே,” என்றேன்.

“தூங்கட்டுமே. மீட்டர் தூங்கலையே. எழுது.”

சராசரி ஐம்பத்தெட்டு. எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

கீழே இறங்கியபோது டிங்கர் பல்லெல்லாம் தெரிய நின்றார். என் கையைப் பிடித்துக் கதவின் மேல் வைத்தார். “தடவிப் பாருங்க தம்பி. எங்க அடி வாங்குச்சுன்னு கண்டுபிடிச்சுச் சொல்லுங்க பாப்போம்!” கண்டுபிடிக்க முடியவில்லை.

“முதல்ல கதவ மாட்டச் சொல்லு,” என்றார் சூப்பர்வைசர் என்னிடம், தாழ்ந்த குரலில். தாழ்த்த வேண்டிய அவசியமே இல்லை. நான் ஜாடை காட்ட, டிங்கர் மாட்டினார். நாலு போல்ட்டையும் முறுக்கி, துணியால் துடைத்து, இரண்டு முறை திறந்து மூடிக் காட்டினார். அதன் பிறகுதான் சூப்பர்வைசர் பையிலிருந்து சீல் வைக்கும் அரக்கை எடுத்தார்.

உள்ளேயிருந்து வந்த அக்கா அரக்கைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

“எத்தன தம்பி?”

“ஐம்பத்தெட்டு.”

“மூணுதானே கூட? அந்த மூண அழிக்க முடியாதா? நீங்க படிச்சவருதானே?”

“பேனாவுல எழுதிட்டேன் அக்கா.”

துணிமணியும் பாத்திரமும் எடுக்கப் பதினைந்து நிமிடம் கொடுத்தார் சூப்பர்வைசர். சுத்தியலும் கட்டையும் உள்ளேயே இருக்க வேண்டும். அவை குற்றப் பொருள். டிங்கர் இதெல்லாம் என்னவென்று புரியாமல், பாத்திரம் சுமந்து வரும் மனைவியையும் அரக்கையும் மாறி மாறிப் பார்த்தார்.

“என்னவாம்? கதவு சரியில்லையாமா?”

அவள் பாத்திரத்தை நடுத்தெருவில் வைத்தாள். அவர் தோளைத் தட்டினாள். காதோடு வாய் வைத்து, தொண்டை கிழியக் கத்தினாள்.

“மூடிட்டாங்க! இனி நம்ம எடமில்ல! கெளம்பி வாங்க!”

“மீட்டர எடுய்யா, இதையும் அளந்துரலாம்,” என்றார் சூப்பர்வைசர்.

மேலே வாத்தியார் கண்ணைக் கசக்கிக்கொண்டு எட்டிப் பார்த்தார். “என்னப்பா சத்தம் அங்க?”

“ஒண்ணுமில்ல சார். முடிஞ்சுருச்சு. நீங்க படுங்க,” என்றேன்.