வாசல் மூலை பல்பு

அன்றைக்கு என் வேலை அறையில் இருந்தவர்கள் நான்கு பேர்: நான், என் வீட்டுக்காரர், ஏணி மேல் என் தம்பி, பட்டுத் துணியை மடியில் வைத்துப் பாயில் உட்கார்ந்திருந்த வத்தலக்குண்டிலிருந்து வேலை கொடுக்க வந்த ஒரு அம்மா. அவர் மகளுக்கு வைகாசியில் கல்யாணம். மூலையில் ஒரு வாளி மணலும் இருந்தது. தீப்பிடித்தால் கொட்டுவதற்கு நான் கொண்டுவந்தது.

"மணல் எதுக்குக்கா? என்னையப் புதைக்கவா?" என்றான் தம்பி. அவனுக்கு வயரிங் வேலை.

"ஈரச் சாக்கும் வச்சிருந்தா உங்கக்கா, மாப்ள. நாந்தான் ஒளிச்சு வச்சேன்" என்றார் வீட்டுக்காரர்.

சிரிக்கட்டும். என் பயம் எனக்கு.

எட்டாவதோடு படிப்பை விட்டு நூல் மில்லுக்குப் போனவள் நான். கல்யாணத்துக்குப் பிறகுதான் ஆரி வேலை பழகினேன், ரவிக்கையில் ஊசியால் ஜரிகையும் மணியும் கோக்கிற வேலை. மூடிப்போன ஒரு துணிக்கடையிலிருந்து ஐந்து ஹாலஜன் விளக்குகளையும், வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற டிம்மரையும் வீட்டுக்காரர் மலிவாக வாங்கிவந்து மாட்டினார். வெளிச்சம் என்னவோ அருமைதான். ஆனால் தலைக்கு மேலே அடுப்பு எரிகிற மாதிரி சூடு. ஃபேன் போட்டால் சமிக்கிப் பொட்டெல்லாம் பறக்கும். போன சித்திரையில் என் வியர்வை சொட்டி ஒரு அரக்குப் பட்டு கறையாகிவிட்டது. துணிக்கான காசை நானே கொடுத்தேன். அதோடு அந்தக் கோடையில் ஆர்டரே எடுக்கவில்லை. முகூர்த்தமெல்லாம் கோடையில்தானே? இந்த வருஷமும் இப்படியே போனால் மறுபடி மில்லுதான். அந்தப் பஞ்சுத் தூசியை நினைத்தாலே இருமல் வந்தது.

அதற்குத்தான் தம்பியை வரச்சொன்னேன்; அவன் ஐந்து ஹாலஜனையும் கழற்றி, சூடாகாத எல்.ஈ.டி. பல்புகளை மாட்டி சுவிட்சைப் போட்டான். குளுகுளுவென்று வெளிச்சம். ஜரிகையில் கண் கூசாமல் இருக்க வெளிச்சம் கம்மியாக வேண்டும். டிம்மரைத் திருகினேன். ஐந்தும் குளிர்காய்ச்சல் வந்ததுபோல் நடுங்கின. நான் மணல் வாளியைத் தூக்கிவிட்டேன்.

"செத்த நேரம் பாத்தாலே தலை சுத்துதே தாயி. நீ எப்படி ஊசி கோப்ப?" என்று அந்த அம்மா பட்டை மடிக்க ஆரம்பித்தார்.

"பயப்படாதக்கா. பல்பு சரியாத்தான் இருக்கு, டிம்மர்தான் பழசு. ஹாலஜன் அம்புட்டு கரண்டு தின்னும். இதுக கொறிக்கிறது டிம்மருக்குப் பத்தல" என்ற தம்பி, வாசல் மூலையில் இருந்த புதுப் பல்பை மட்டும் கழற்றி, பழைய ஹாலஜனையே திரும்ப மாட்டினான். "இப்பத் திருகு."

கண்ணை மூடிக்கொண்டு திருகினேன். வெளிச்சம் மெல்ல இறங்கி அப்படியே நின்றது. நடுக்கம் இல்லை.

"புது டிம்மர் போடுற வரைக்கும் இந்தக் கெழவன் ஒருத்தன் காவலுக்கு இருக்கட்டும்."

வாசல் மூலை, நான் உட்காருகிற இடத்துக்குத் தூரம். இருந்தாலும் தலைக்கு மேல் கையை நீட்டிப் பார்த்தேன். சூடே இல்லை. ஒரு துண்டுத் துணியில் சின்ன மாங்காய் டிசைன் ஒன்று போட்டு நீட்டினேன். அந்த அம்மா முன்பக்கத்தைப் பார்க்கவே இல்லை, திருப்பி அடிப்பக்கத்தைத் தடவினார். அங்கே தையல் சுத்தமாக இருந்தால்தான் வேலை சுத்தம். பிறகு பட்டை என் கையில் வைத்தார்.

"இதுல வேர்வைய விட்றாத தாயி."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "உங்களுக்கு எப்படிம்மா தெரியும்?"

"அந்த அரக்குப் பட்டு எங்க நாத்தனா மகளுது. கேக்காமயே காசக் குடுத்தியாமே. அதான் உன்னயத் தேடி வந்தேன்."

ஒரு வருஷமாக யாருக்குத் தெரிந்துவிடுமோ என்று தூக்கமில்லாமல் கிடந்தேன். அதுவே ஆளைக் கூட்டிவந்திருக்கிறது.

அவர் கொடுத்த ஐந்நூறு முன்பணத்தை அப்படியே தம்பியிடம் நீட்டினேன். பல்புகளை அவன்தான் கைக்காசு போட்டு வாங்கியிருந்தான், ஆயிரத்து இருநூறு.

"மிச்சத்த வைகாசிக் கூலியில குடு. குடுக்கலைனா கெழவனக் கழட்டிட்டுப் போயிருவேன்" என்று ஏணியைத் தோளில் வைத்தான்.

பட்டு இப்போது ஆரி மரச்சட்டத்தில் ஏறியிருக்கிறது, ரவிக்கையில் ஒரு கை முடிந்துவிட்டது. தம்பிக்கு இன்னும் எழுநூறு ரூபாய் பாக்கி.