மத்தியானத்தில் வாய் மூடிய பெட்டிகள்

அன்றைக்கு அந்தக் கோழிப்பண்ணையில் இருந்தவர்கள் நான்கு பேர். பண்ணைக்காரர், அவர் மனைவி, சாக்குப் படுதாவுக்குத் தண்ணீர் அடிக்கிற அக்கா, நான். கோழிகளைச் சேர்க்கவில்லை.

நாமக்கல் சுற்றுவட்டாரப் பண்ணைகளில் சூடு பார்க்கும் பெட்டிகள் பொருத்துவது என் பிழைப்பு. ஒன்பதாவதோடு படிப்பு நின்றது. செல்போன் கடையில் பற்றவைத்துப் பழகியதுதான் தொழில். இந்தப் பண்ணையில், கொட்டகைக்குள் கோழி நிற்கும் உயரத்தில் ஆறு சின்னப் பெட்டிகளை வைத்திருந்தேன். ஒயர் கிடையாது. ஒவ்வொன்றும் தன் இடத்துச் சூட்டை, முட்டை அடுக்கும் அறையிலுள்ள பெரிய பெட்டிக்குச் சொல்லும். அது பண்ணைக்காரரின் போனுக்குச் சொல்லும். சூடு எல்லை மீறினால் போன் கத்தும். அப்படிச் சொல்லித்தான் விற்றேன்.

பாதிப் பணம் கொடுத்துவிட்டார். பெட்டிகள் ஒழுங்காகப் பேசினால்தான் மீதி. அவையோ வெயில் உச்சிக்கு ஏறும்போது ஒவ்வொன்றாக வாய் மூடிக்கொண்டன. சாயங்காலம் தானாகவே பேசின. சாமான்களையெல்லாம் நான் கோயமுத்தூரில் ஒரு கடையில் கடனுக்கு எடுத்திருந்தேன். அந்தக் கடைக்காரரின் நம்பர் போனில் வந்தால் எடுக்காமல் விட்டுவிடுவேன்.

மூன்று தடவை போய்ப் பார்த்தேன். பேட்டரி மாற்றினேன், சிம் மாற்றினேன், ஆன்டெனாவையெல்லாம் பிரித்துத் திரும்பப் பற்றவைத்தேன். எல்லாம் காலை நேரத்து வேலை. மத்தியானம் கொட்டகைக்குள் ஆள் போகக் கூடாது. வெயிலில் இரைத்துக்கொண்டிருக்கும் கோழி மிரண்டால் அப்படியே செத்து விழும். எந்தப் பண்ணையிலும் அதுதான் வழக்கம். நானும் பத்து மணிக்குள் முடித்து, பெரிய பெட்டியில், சின்னப் பெட்டிக்கு ஒன்றாக ஆறு விளக்கும் எரிவதைப் பார்த்துவிட்டுக் கிளம்புவேன். ராசிபுரம் வந்து சோற்றில் கை வைப்பதற்குள், பெட்டி பேசவில்லை என்று பண்ணைக்காரரின் போன் வந்துவிடும்.

நான்காவது தடவை போனதும் பண்ணைக்காரர் கேட்டார்: "ஏந்தம்பி, காலையில நல்லாப் பேசுது, மத்தியானமானா சத்தத்தையே காணோம். சோறு தின்னுபோட்டுப் படுத்துக்குதா?"

முட்டை அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்த அவர் மனைவி, "உங்களாட்டவே இருக்குதுங்க" என்றார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "இன்னைக்குப் பொழுதுக்கும் வெளிய ஒக்காந்து பாக்கறனுங்ணா. உள்ள போகலைங்க."

"பாரு சாமி. பாத்தாச்சும் ஒரு வழி சொல்லு."

பெரிய பெட்டிக்கு எதிரே உட்கார்ந்தேன். ஆறு விளக்கும் எரிந்தன. சூட்டில் பெட்டிகளே கெட்டுப்போகின்றனவோ, அத்தனையையும் திருப்பி எடுக்கச் சொல்வாரோ என்று மனம் ஓடியது. வெயில் ஏறியதும் அக்கா ஓஸ் பைப்பை இழுத்துக்கொண்டு வந்து, உள்ளே சூடு தணிவதற்காகக் கொட்டகையின் பக்கவாட்டில் தொங்கவிட்டிருந்த சாக்குகளை ஒரு கோடியிலிருந்து நனைத்தார். கொஞ்ச நேரத்தில் ஒரு விளக்கு அணைந்தது. அவர் நகர நகர இன்னொன்று. பைப் சிக்கிக்கொண்டு அவர் நின்றபோது, விளக்கு அணைவதும் நின்றது.

எழுந்து ஓடினேன். "அக்கா, செத்த நிறுத்துங்க."

"நிறுத்துனா கோழி செத்துப்போயிருமப்பா. நீ வந்து முட்டை போடுவயா?"

பெட்டி அனுப்பும் ரேடியோ அலையைத் தண்ணீர் விழுங்கிவிடும். அது எனக்குத் தெரியும். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒருநாளும் பெட்டி வைத்ததில்லை. நனைந்த சாக்கும் தண்ணீர்ச் சுவர்தான் என்று மட்டும் தோன்றவில்லை. காலையில் காய்ந்த சாக்கைத்தானே பார்த்துக்கொண்டிருந்தேன். கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம்கூட வரவில்லை. உடம்பெல்லாம் அசதியாக இருந்தது.

வெயில் தணிந்ததும் உள்ளே போய், பெட்டிகளை அதே இடத்தில் விட்டுவிட்டு, ஆன்டெனாக்களை மட்டும் ஒயர் வைத்துக் கூரை முகட்டுக்கு மேலே ஏற்றினேன். முட்டை அறையின் கூரைமேலும் ஒரு பைப் நட்டு, பெரிய பெட்டியின் ஆன்டெனாவை அதில் ஏற்றினேன். பைப்பும் ஒயரும் என் செலவு. மறுநாள் மத்தியானம் சாக்குகள் சொட்டச் சொட்ட நனைந்திருந்தன; ஆறு விளக்கும் எரிந்தன.

பண்ணைக்காரர் போனைப் பார்த்தார். "பேசுது, இல்லைங்கல. ஆனா முட்டை வெலை கெடக்கற கெடப்பப் பாத்தீல்ல. வெலை ஏறட்டும், தாரேன்."

அவர் மனைவி ஓர் அட்டை முட்டை கொடுத்தனுப்பினார். அதைக் கணக்கில் கழித்துக்கொள்வார்களோ என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தேன். பிறகு பண்ணைக்காரர் இரண்டு தடவை கொஞ்சம் பணம் கொடுத்தார். இப்போதெல்லாம் காலையில் கண் விழித்ததும் முட்டை விலையைத்தான் பார்க்கிறேன். வர வேண்டியது இன்னும் பதினோராயிரத்து இருநூறு ரூபாய்.