'தொடாதே' மாமி

போன மாசம் ஒரு வெள்ளிக்கிழமை எங்க தெருமுனை காய்கறிக் கடையில ஒரே சத்தம்.

"யம்மா... தொடாதம்மா! இப்படி அமுக்கிக்கினே இருந்தா அந்தத் தக்காளி இன்னாத்துக்கு ஆவும்?"

கத்தினது கடைக்காரம்மா. திட்டு வாங்கிக்கினு நின்னது என் பக்கத்து வீட்டு வேதவல்லி மாமி.

"பார்த்தா செவசெவன்னு குங்குமச் சிமிழாட்டம் இருக்கும்மா. தொட்டாத்தானே தக்காளின்னு தெரியறது!"

எனக்குச் சிரிப்பு தாங்கல. பின்ன? சின்ன காஞ்சிபுரத்துல எங்க தெருவுக்கே 'தொடாதே'ங்கற வார்த்தையைச் சொல்லிக் கொடுத்தது மாமிதான். கொடியில காயற மடிப் புடவையைத் தொடாதே. தண்ணிக் குடத்தைத் தொடாதே. சாதம் தொட்ட கையால தயிரைத் தொடாதே. குளிக்காதவங்க மேல பட்டுட்டா மடி போச்சு, மாமி மறுபடி குளிக்கணும். நான் மாகறல் கிராமத்துல வயலும் வரப்புமா வளர்ந்தவ. கல்யாணமாகி இந்தத் தெருவுக்கு வந்ததுலேர்ந்து மாமி வீட்டு அடுக்களை வாசப்படியைத் தாண்டினது கிடையாது. அங்கேயே நின்னு பேசுவேன், அங்கேயே காபி குடிப்பேன். கோபம் வருமா? வரும். காபி ரொம்ப நல்லா இருக்கும்... கோபம் போயிடும்.

இந்த வருஷ ஆரம்பத்துல மாமிக்கு ஸ்ட்ரோக். கை, கால், பேச்சு எல்லாம் தப்பிச்சுது. பேச்சு தப்பிச்சதுல தெருவுக்கே சந்தோஷம்... சரி, பாதித் தெருவுக்கு.

வீட்டுக்கு வந்தப்புறம்தான் விஷயம் புரிஞ்சுது. எதைப் பார்த்தாலும் இன்னதுன்னு தெரியல. கண்ணுல குறையே இல்லைன்னுட்டார் கண் டாக்டர். நரம்பு டாக்டர்கிட்ட நான்தான் கூட்டிக்கினு போனேன். அவர் ஒரு சாவியைத் தூக்கிக் காட்டினார்.

"நீளமா இருக்கு... பளபளன்னு... ஒரு முனையில பல்லு பல்லா... சீப்பா?"

அதையே கையில கொடுத்தார்.

"சாவின்னா இது! பீரோ சாவி!"

பார்க்கிற வேலை மூளையில ஒரு இடத்துலயாம். பார்த்தது இன்னதுன்னு கண்டுபிடிக்கிற வேலை இன்னொரு இடத்துலயாம். மாமிக்கு அடிபட்டது ரெண்டாவது இடம். கையால தெரிஞ்சுக்கிற வழி வேற. அது பத்திரமா இருக்குது. இதுல இன்னொரு வேடிக்கை — கையில பிடிச்சுக்கினு பார்த்தா கண்ணும் ஒத்துக்குது. "இப்போ பார்த்தா சாவியாட்டம்தான் இருக்கு"ன்னாங்க. டாக்டர் வாங்கி மேஜையில வெச்சார். மறுபடியும் சீப்பு!

எங்க ஊர் பட்டுக் கடையில உட்கார்ந்து பாருங்க. கண்ணு கலரைப் பார்க்கும், கை அது பாட்டுக்கு முந்தானையைத் தேய்ச்சுக்கினு இருக்கும். நமக்கெல்லாம் ரெண்டும் கூட்டு வியாபாரம். மாமிக்குக் கூட்டாளி கழண்டுக்கிட்டார்.

ஆக, ஊரையே தொடாதேன்னவங்களுக்கு இப்போ தொட்டாத்தான் உலகம். பெருமாளுக்குக் குறும்பு ஜாஸ்திங்க.

மாமி தனி ஆள். மாமா காலமாயிட்டார். ஒரே பையன் சம்பத், பெங்களூர்ல. "எது என்னன்னு தெரியாம கொதிக்கிற பாத்திரத்துல நீ கையை வெச்சுட்டேன்னா? ஆத்தைப் பூட்டிண்டு என்னோட கிளம்பும்மா"ன்னு ஒத்தைக் கால்ல நின்னான். மாமி மாட்டேன்னாங்க. கடைசியில ஒரு ஒப்பந்தம். பையனும் மருமகளும் வந்து இருக்கும்போது மாமி ஒரு வேளை முழுச் சமையல் செய்து காட்டணும். முடிஞ்சா இந்த வீடு. முடியலேன்னா பெங்களூர்ல பதினோராவது மாடி.

தக்காளியை அமுக்கினது அந்தச் சமையலுக்குத்தான்.

மருமகள் நல்ல பொண்ணு. சனிக்கிழமை வரும்போதே ஒரு செட் பிளாஸ்டிக் டப்பா வாங்கிக்கினு வந்தா. எல்லாம் ஒரே அளவு, ஒரே மூடி, மேல பெரிய எழுத்துல லேபிள். மாமி கண் அசந்த நேரத்துல பருப்புலேர்ந்து வெந்தயம் வரைக்கும் அதுல மாத்திட்டா. பழைய டப்பாக்கள் அடுக்களைப் பரணுக்குப் போயிடுச்சு. உதவின்னு நினைச்சுத்தான் பண்ணா, பாவம். நாமளும் அதைத்தானே பண்ணியிருப்போம்? அந்த லேபிளும் மாமிக்கு வெறும் கோடும் சுழியும்தான்னு யாருக்குத் தோணும்?

ஞாயித்துக்கிழமை காலையில குளிச்சு, மடி உடுத்தி, மாமி அடுக்களைக்குள்ள போனாங்க. நான் வழக்கம்போல வாசப்படியில. கை ஒரு டப்பாவைத் தடவுச்சு. அடுத்ததைத் தடவுச்சு. எல்லாம் வழவழன்னு ஒண்ணுபோல. உள்ளே கைவிட்டுப் பார்க்கலாமேன்னு கேட்பீங்க. பார்த்தாங்க... ஒவ்வொண்ணுக்கும் கையை அலம்பிக்கினு! ஈரக்கையில பருப்பு ஒட்டினா மறுபடி அலம்பல். அடுப்புல தண்ணி வத்துது. சம்பத் வாட்சைப் பார்க்கிறான்.

மாமி அப்படியே நின்னு அழுதாங்க. மாமா போன அன்னைக்குக்கூட யாரையோ "குடத்தைத் தொடாதேங்கோ"ன்னு அதட்டினவங்க.

"கௌரி... என் டப்பாவெல்லாம் எங்கேடி?"

"பரண்ல இருக்குது மாமி."

"உள்ளே வந்து எடுத்துக் குடு."

உள்ளேயா! காலைத் தூக்கி வெக்கலாமா வேணாமான்னு தயங்கினேன்.

"என்னடி மசமசன்னு நிக்கறே? வாடி!"

போனேன். ஸ்டூல் போட்டு ஏறினேன். ஒடுங்கின பால் பவுடர் டின், காது போன தூக்கு, விளிம்பு நெளிஞ்ச சம்படம்... ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே கிடையாது. மாமி கையில வாங்கி வாங்கி, "ஒடுங்கினது துவரம்பருப்பு... காதில்லாதது புளி"ன்னாங்க. மருமகள் லேபிளைப் படிச்சுப் படிச்சு அதுஅதுல திரும்பக் கொட்டினா. அதுக்கப்புறம் மாமியைப் பிடிக்க முடியல. கறி, கூட்டு, சாத்தமுதுன்னு அவங்க சொல்ற ரசம்... எல்லாம் ஆச்சு.

சம்பத் ரசத்தை ரெண்டாம் தடவை ஊத்திக்கினு இழுத்தான். "சரிம்மா... ஆனா அடுப்பு எரியறச்சே யாராவது பக்கத்துல இருக்கணும்."

"கௌரி இருப்பா."

என்னை ஒரு வார்த்தை கேட்கல! அதோட விட்டாங்களா? "தலைக்குக் குளிச்சுட்டு வரணும்"னு ஒரு கண்டிஷன் வேற. மூளையில எங்கே அடிபட்டாலும், மடி இருக்கிற இடத்துல மட்டும் படாது போல.

இப்போ தினமும் விடியக்காலையில தலைக்குக் குளிச்சுட்டு ஓடுறேன். குளிச்சேன்னு சொன்னா நம்பறாங்களா? உள்ளே விடறதுக்கு முன்னாடி என் தலைமுடிக்குள்ள விரலை விட்டு, ஈரமா இருக்குதான்னு தடவிப் பார்க்கிறாங்க. இத்தனை வருஷத்துல அந்தக் கை என்மேல பட்டதே கிடையாது. முதல் நாள் எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு.

ஆனா ஒண்ணு. நான் குளிக்காம வந்திருந்தா, தொட்டுப் பார்த்த உடனே அவங்கதானே மறுபடி குளிக்கணும்? இதை நான் இன்னும் மாமிகிட்ட சொல்லல... நீங்களும் சொல்லிடாதீங்க!