பிடியரிசி நின்ற கிழமை

எங்கள் சபையில் ஞாயிறு ஆராதனையில், பிரசங்கத்துக்கு முன், சாட்சி சொல்லுகிற நேரம் என்று ஒன்று உண்டு. அந்தக் கிழமை ஏழு நாளிலும் கடவுள் தனக்குச் செய்த நன்மையை யாரும் எழும்பிச் சொல்லலாம். பெரும்பாலான ஞாயிறுகளில் ஒருவரும் எழும்ப மாட்டார்கள். போதகர் மேடையில் நின்று எங்களைப் பார்ப்பார், நாங்கள் மின்விசிறியைப் பார்ப்போம். அவள் வந்த பிறகு அந்தச் சங்கடம் தீர்ந்தது. அவள் ஒவ்வொரு ஞாயிறும் எழும்பினாள்.

அவளுக்கு ஊர் அச்சுவேலிப் பக்கம், சைவக் குடும்பம். புருஷன் விட்டுவிட்டுப் போன பின்னர் இரண்டு பெண் பிள்ளைகளோடு கொக்குவிலுக்கு வந்து, ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன வீட்டில் குடியிருந்தாள். சட்டை தைத்துக் கொடுப்பாள். எப்படியோ எங்கள் சபைக்கு வந்து, ஞானஸ்நானம் எடுத்து, நான் இருக்கிற மர வாங்குக்கு இரண்டு வாங்கு முன்னால் இடம் பிடித்துக்கொண்டாள். நான் மூன்றாம் தலைமுறைக் கிறிஸ்தவள். பாட்டுப் புத்தகம் பார்க்காமல் பாடுவேன். அவளுக்கு எந்தப் பாட்டுக்கு எழும்ப வேண்டும், எதற்கு இருக்க வேண்டும் என்றுகூட முதல் வருடம் தெரியவில்லை.

ஆனால் கடவுளுக்கு அவளைத்தான் பிடித்திருந்தது. வேறு எப்படிச் சொல்ல? அவள் தைக்கிற மெஷின் உடைந்தால், அடுத்த கிழமை யாரோ கனடாவுக்குப் போகிற ஆள் தன் மெஷினைக் கொடுத்துவிட்டுப் போகும். அந்த ஒழுங்கையில் வீட்டுக்கு வீடு டெங்கு வந்தது, அவள் வீட்டுப் படலையை மட்டும் திறக்காமல் தாண்டிப் போய்விட்டது. தென்னைக்குக் கீழே நின்று உடுப்புக் காயப்போட்டவள், பிள்ளை கூப்பிட்டு இரண்டடி தள்ளிப்போக, நின்ற இடத்தில் குலையோடு தேங்காய் விழுந்ததாம். எங்கள் வளவில் தேங்காய் விழுந்தால் ஓடுதான் உடையும். எனக்கு நீரிழிவு, என் வீட்டுக்காரருக்கு முழங்கால் வலி, மகள் கொழும்பில் இருந்து மாதத்துக்கு ஒருதரம் போன் எடுத்தால் அதிசயம். நானும் காலையும் மாலையும் ஜெபம் பண்ணுகிற ஆள்தான்.

இதையெல்லாம் பொறுத்திருப்பேன். பொறுக்க முடியாமல் போனது அரிசிக் கதை.

எங்கள் சபைப் பெண்களிடம் பிடியரிசி என்று ஒரு வழக்கம் இருக்கிறது. உலையில் அரிசி போடுகிறபோது அதிலிருந்து ஒரு பிடி எடுத்து ஒரு தகரப் பேணியில் தனியாகப் போட்டு வைப்போம். கிழமை முடிய அதைச் சபைக் கோயிலுக்குக் கொண்டுவந்து பெரிய பெட்டியில் கொட்டுவோம். சேருகிற அரிசி இல்லாத வீடுகளுக்குப் போகும். பெட்டிக்குப் பொறுப்பு நான். வியாழக்கிழமைகளில் புடைத்து, கல் பார்த்து, பைகளில் கட்டி, வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பதும் நான்தான். அரிசி குறைந்தால் என் வீட்டிலிருந்து போட்டு நிரப்புவதும் நானேதான். ஆறு வருடமாக அவள் வீட்டுக்கு ஒரு வியாழன் தவறாமல் பை போயிருக்கிறது. மழையிலும் போயிருக்கிறது. காய்ச்சலோடும் போயிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை அவள் எழும்புவாள். முந்தானையால் தலையை மூடிக்கொண்டு சொல்லுவாள்:

"இந்தக் கிழமையும் எங்களுக்குச் சாப்பாட்டுக்குக் குறையில்லை. கர்த்தர் தந்தவர்."

அவ்வளவுதான். அக்கா தந்தவ என்று ஒருநாள் வாயில் வராது. சபையின் சகோதரிகள் தந்தவை என்றுகூட வராது. தூக்கிச் சுமந்தது நான், பேர் கர்த்தருக்கு. யோசித்துப் பார்த்தால் எனக்குப் பொறாமை அவளில் மட்டுமில்லை, கடவுளிலும் இருந்தது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் உண்மை அதுதான்.

பிறகு நாடு கடனில் முறிந்த அந்த வருடம் வந்தது. சமையல் காஸ் இல்லை, மண்ணெண்ணெய் இல்லை, பெற்றோலுக்கு விடியவிடிய வரிசை. அரிசி விலையைக் கேட்டால் தலை சுற்றும். சபைப் பெட்டியில் விழுகிற பிடியரிசியும் பாதியாகக் குறைந்தது. ஒருவரையும் குறை சொல்ல முடியாது.

நான் செய்ததையும் சொல்லிவிடுகிறேன். உள்ளறையில், திரைச்சீலைக்குப் பின்னால், மூன்று மூட்டை அரிசி வாங்கி அடுக்கிவிட்டேன். போரால் இடம்பெயர்ந்த காலத்தில் சாவகச்சேரிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கஞ்சிக்கு வரிசையில் நின்றவள் நான். சட்டி என்னிடம் வரும்போது கஞ்சி முடிந்துபோனது. அதற்குப் பிறகு, கர்த்தரை நம்புகிறேன் என்று வாயால் சொன்னாலும், மூட்டையைக் கையால் தொட்டுப் பார்த்தால்தான் எனக்கு நித்திரை வரும்.

அவளுக்கு அப்படி ஒரு பயமும் இல்லை. உண்மையில் என்னை எரித்தது அதுதான். ஒரு கிழமைக்கு மேல் அரிசி இல்லாத வீட்டில் இருந்துகொண்டு அவள் சிரித்தாள். நான் மூன்று மூட்டைக்குப் பக்கத்தில் படுத்துப் புரண்டேன்.

ஒரு ஞாயிறு அவள் வழமைபோல எழும்பினாள். "ஊர் முழுக்கத் தட்டுப்பாடு. எங்கடை அரிசிப்பானை மட்டும் ஒருநாளும் வெறுமையாகேல்லை. கர்த்தர் தாறார்." போதகருக்குக் கண் கலங்கிவிட்டது. அன்றைக்கு எழுதிக்கொண்டு வந்த பிரசங்கத்தை மூடிவைத்துவிட்டு, இந்தச் சகோதரியின் விசுவாசத்தைப் பாருங்கள், நாளைக்கு என்ன சாப்பிடுவோம் என்று கவலைப்படாத இந்த விசுவாசம் எங்களில் எத்தனை பேருக்கு உண்டு என்று அரைமணித்தியாலம் பேசினார். எல்லாரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அவளுக்கு அது விளங்கவேயில்லை, தன் சின்ன மகளின் பின்னலைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

அந்த வியாழன் நான் பைகளைக் கட்டினேன். அவளுடைய பையைக் கட்டவில்லை.

வீட்டுக்காரர் கதிரையில் சாய்ந்திருந்து எண்ணெய் தடவிய முழங்காலை நீட்டியபடி பார்த்துக்கொண்டிருந்தார். "இஞ்சாரும், அந்தப் பிள்ளைக்குக் கட்டேல்லையோ?"

"அவவுக்குக் கர்த்தர் குடுப்பார்," என்றேன்.

அவர் முழங்காலை மறுபடி தேய்க்கத் தொடங்கினார். அவருக்கு என் குணம் தெரியும்.

என் கணக்கு சுலபமானது. வெள்ளிக்கிழமை அவள் பானையைத் திறப்பாள். அரிசி இருக்காது. அப்போது தெரியும் இவ்வளவு காலமும் யார் தந்தது என்று. என் வாசலுக்கு வருவாள். "அக்கா, அரிசி தாங்கோ" என்று என் முகத்தைப் பார்த்துக் கேட்பாள். கேட்டவுடன் கொடுத்துவிடுவேன். ஒன்றுக்கு இரண்டாகக் கொடுப்பேன். எனக்குத் தேவை அந்த ஒரு வார்த்தை மட்டும். அந்தப் பிள்ளைகள் இரண்டும் அதுவரை என்ன சாப்பிடும் என்று நினைவு வந்தபோதெல்லாம், இன்னும் கொஞ்சத்தில் வந்துவிடுவாள் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். வெள்ளி முழுவதும் வாசல் கேற் பக்கம் காது கொடுத்துக்கொண்டு இருந்தேன். அவள் வரவில்லை. சனி காலையும் வரவில்லை. வராததற்கும் சேர்த்து அவளில் கோபம் வந்தது. கேட்கக்கூட வாய் வராத பெருமை பார் என்று நினைத்தேன்.

சனி பின்னேரம் சைக்கிள் மணி கேட்டது. எட்டிப் பார்த்தேன். அவள்தான். எனக்கு வந்த சந்தோசத்தைச் சொல்ல முடியாது. ஓடிப்போய் உள்ளறை மூட்டையில் இருந்து ஒரு பை நிறைய அள்ளிக் கட்டி, திரைச்சீலைக்கு இந்தப் பக்கம் தயாராக வைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவள்போல முன்னுக்கு வந்தேன்.

"வாரும் பிள்ளை, என்ன இந்தப் பக்கம்?"

அவள் சைக்கிள் கரியரில் இருந்து ஒரு உரப்பையை அவிழ்த்தாள். உள்ளே மண்ணோடு மரவள்ளிக் கிழங்கு. வீட்டுக்குப் பின்னால் நின்ற மரங்களைக் கிண்டினாளாம். அரைவாசியைத் தாங்கள் வைத்துக்கொண்டு மீதியைக் கொண்டுவந்திருக்கிறாள்.

"அக்கா, குறை நினையாதேங்கோ," என்றாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "வியாழக்கிழமை அரிசி வரேல்லை. உங்களுக்கு ஏதும் கஷ்டம் வராட்டில் நீங்கள் நிப்பாட்ட மாட்டியள். காய்ச்சலோடையும் கொண்டுவந்த ஆள் நீங்கள். அப்ப உங்கடை வீட்டிலைதான் அரிசி இல்லை எண்டு எனக்கு விளங்கீட்டுது. வெள்ளிக்கிழமையே வந்திருப்பன், கிழங்கு கிண்ட ஆளில்லை. பிள்ளையளும் நானும்தான் கிண்டினனாங்கள்."

நான் திரைச்சீலைப் பக்கம் பார்த்தேன். அவர் கதிரையில் அசையாமல் இருந்தார்.

"சீனி வருத்தத்துக்கு இந்தக் கிழங்கு அவ்வளவு நல்லமில்லைத்தான்," என்று தன்பாட்டில் சொல்லிக்கொண்டு போனாள். "எண்டாலும் பசிக்கு ஏதும் இருக்கவேணுமே. நீங்கள் யோசியாதேங்கோ. நாளைக்குச் சாட்சி நேரத்திலை எழும்பி, அக்கா வீட்டிலை அரிசி இல்லை, எல்லாரும் ஜெபிக்கவேணும் எண்டு சொல்லப்போறன்."

மனம் திருந்தி உண்மையைச் சொன்னேன் என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் என்னைப் பேசவைத்தது பயம். நாளைக்கு முழுச் சபையும் என் வீட்டு அரிசிக்காக முழங்காலில் நிற்கும், போதகர் பையோடு என் வாசலுக்கு வருவார், உள்ளே மூன்று மூட்டை நிற்கும்.

"அரிசி இருக்குப் பிள்ளை," என்றேன். திரைச்சீலையை ஒதுக்கினேன். "உமக்கு மட்டும்தான் நான் கட்டேல்லை."

அவள் மூட்டைகளைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். கையில் இருந்த மண்ணைச் சேலையில் துடைத்தாள்.

"ஏன் அக்கா?"

"ஆறு வருஷமாத் தாறன்," என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை, சின்னப்பிள்ளை அழுகிற மாதிரி இருந்தது. "ஒருநாளாவது அக்கா தந்தவ எண்டு சொன்னனீரே? எந்த நேரமும் கர்த்தர், கர்த்தர். அவரே சைக்கிளிலை கொண்டுவந்தவர்?"

அவளுக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். முதலில் குழப்பம்தான் வந்தது.

"முதல் நாள் அரிசி கொண்டுவரேக்கை நீங்கள்தானே அக்கா சொன்னனீங்கள். ஆர் தந்தது எண்டு ஒருத்தரிட்டையும் சொல்லாதையும், கர்த்தர் தந்தவர் எண்டு சொல்லும் எண்டு. நான் அதைத்தானே சொல்லுறன். அது பிழையோ?"

சொல்லியிருப்பேன். எனக்கு முன் பிடியரிசி கொண்டுபோனவர்களும் நானும் எல்லா வீட்டிலும் அப்படித்தான் சொல்லுவோம். வாங்குகிற ஆளுக்குக் கூச்சமாக இருக்கக்கூடாது என்று சொல்லுகிற சொல் அது. உலை வைக்காத வீட்டிலும், வந்த ஆளைச் சாப்பிட்டுவிட்டுப் போங்கோ என்று கேட்பதில்லையா, அதைப்போல. நான் அதை எத்தனையோ வாசலில் சொல்லியிருக்கிறேன். ஒருநாளும் நம்பிச் சொன்னதில்லை. அவள் நம்பிவிட்டாள்.

கோபம் பிறகுதான் வந்தது. அவள் கண் சிவந்தது. "சின்னவள் மத்தியானம் கிழங்கு வேண்டாம், சோறு வேணும் எண்டு அழுதவள் அக்கா," என்றாள். "அக்கா வீட்டிலையும் சோறில்லை, பேசாமல் சாப்பிடு எண்டு அடிச்சுப்போட்டன்."

கட்டி வைத்திருந்த பையை எடுத்து நீட்டினேன். வாங்கினாள். நன்றி சொல்லவில்லை, கர்த்தர் பேரையும் சொல்லவில்லை. கரியரில் கட்டிக்கொண்டு போய்விட்டாள். கிழங்கைத் திருப்பி எடுக்கவில்லை. அன்றிரவு அவர் அதை அவித்துத் தின்றார். எனக்கு ஒரு துண்டு தந்தார், என்னோடு கதைக்கவில்லை.

மறுநாள் ஆராதனைக்குப் போகாமல் விடலாம் என்று பார்த்தேன். போகாவிட்டால் அதுவே கதையாகும் என்று போனேன். சாட்சி நேரம் வந்தது. அவள் எழும்பினாள், முந்தானையைத் தலைக்கு மேலே இழுத்துவிட்டாள்.

ஆறு வருடமாக அந்த வாயில் வரவேண்டும் என்று நான் ஏங்கிக் கிடந்தது என் பேர்தான். அன்றைக்கு அது வந்துவிடக்கூடாது என்று கேட்டேன். கண்ணை மூடி, வசனம் ஒன்றும் நினைவுக்கு வராமல், கெஞ்சினேன். ஆண்டவரே, என்னைக் காப்பாற்றும், என் பேர் வரவேண்டாம். அவரை நம்புகிறேனா என்று யோசிக்கக்கூட எனக்கு நேரம் இருக்கவில்லை. கேட்க வேறு ஆள் இல்லை.

அவள் சின்னவளின் தலையில் கை வைத்தாள். பிறகு என் பக்கம் திரும்பாமல் சொன்னாள்.

"இந்தக் கிழமையும் கர்த்தர் தந்தவர்."

சொல்லிவிட்டு வாங்கில் இருந்துவிட்டாள். பெரியவள் தாயின் கையைப் பிடித்துக்கொண்டதைப் பின்னால் இருந்து கண்டேன். நான் செய்தது அவளுக்கும் தெரிந்திருக்கிறது.

போதகர் சபையைப் பார்த்து, வேறு யாருக்கும் சாட்சி உண்டா என்று கேட்டார். எனக்கு ஒன்று இருந்தது. நான் எழும்பவில்லை.