கிருத்திகையன்று வைத்த கூட்டம்

எங்கள் தெருவின் பிணங்கள் போகும் வழியை அடைத்தவள் நான்தான்.

ரயில்காரர்கள் அடைத்துவிட்டார்கள் என்றுதான் ஊரில் பேச்சு. அவர்களைத் திட்டாத வாய் இல்லை. நானும் சேர்ந்து திட்டியிருக்கிறேன்... அதுவும் எல்லோரையும்விடச் சத்தமாக! ஆனால் முகம் தெரியாத உங்களிடம் மறைத்து எனக்கு என்ன ஆகப்போகிறது? சுவரைக் கட்டியவர்கள் அவர்கள். கட்ட வைத்தது என் நாக்கு.

என் பெயர் சரோஜா. திருத்தணியில், மலைக்குப் போகும் சாலையிலிருந்து பிரிந்து, தண்டவாளத்தில் போய் முட்டும் ஒரு தெருவின் கடைசி வீடு என்னுடையது. கீழே ஹால், மேலே நான்கு அறைகள். மலையில் சாமி முன்னால் தாலி கட்டிவிட்டு இறங்கி வரும் கல்யாணக் கோஷ்டிகள் என் ஹாலில் பந்தி போட்டுச் சாப்பிடுவார்கள். முகூர்த்த நாள்தான் எனக்கு அறுவடை நாள். வீட்டுக்காரர் போன பிறகு இதை வைத்துத்தான் என் மகளைக் கரையேற்றினேன்.

என் வீட்டைத் தாண்டினால் தண்டவாள மேடு. அந்த மேட்டுக்கு அடியில் ஒரு பழைய செங்கல் பாலம் இருந்தது. அதற்குள் நுழைந்து போனால் வயல். வயலைத் தாண்டினால் சுடுகாடு. எங்கள் தெருவிலும், பின்னால் இருக்கும் தறிக்காரர் சந்திலும் யார் செத்தாலும் பாடை அந்தப் பாலத்துக்குள் நுழைந்துதான் போகும். உயரம் போதாது என்பதால் தோளிலிருந்து கைக்கு இறக்கி, குனிந்தபடி தூக்கிப் போவார்கள்.

பெண்கள் நாங்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. ஆனால் பாலத்தின் வாய்வரை போவோம். அங்கே நின்றால் அந்த வளைவுக்குள் வயலும் அதற்கு அப்பால் சிதையும் தெரியும். புகை எழும்பும்வரை நின்றிருந்துவிட்டுத்தான் திரும்புவோம். என் வீட்டுக்காரரையும் நான் அங்கே நின்றுதான் அனுப்பினேன். அன்று அந்தப் பாலம் இல்லாமல் இருந்திருந்தால் என் நெஞ்சு வெடித்திருக்கும்... அது தெரிந்தேதான் செய்தேன் என்பதை நீங்கள் மறந்துவிடக் கூடாது.

ஏன் செய்தேன்?

சித்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு கல்யாணம் வந்திருந்தது. பந்தியில் பாயசம் போய்க்கொண்டிருந்தபோது வாசலில் பறைச் சத்தம், வெடி, தெருவெல்லாம் பூ. மாப்பிள்ளையின் அத்தை இலையை விட்டு எழுந்தாள். அவளைப் பார்த்து வரிசை முழுக்க எழுந்துவிட்டது. புதுப்பெண் அழ ஆரம்பித்துவிட்டாள். போகும்போது அந்த அத்தை, "பொணம் போற வாசல்ல ஹால் கட்டிகினு, அதுல கல்யாண சாப்பாடு வேற போடுறியா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

அவள் கேட்டதில் தவறு உண்டா? இல்லை. ஆனால் அந்தக் கேள்வி முள்ளாக ஏறிவிட்டது. அதற்குப் பிறகு யார் வீட்டிலாவது ஒருவர் படுத்த படுக்கையாகிவிட்டார் என்று கேள்விப்பட்டால், 'ஐயோ பாவம்' என்பதற்கு முன்னால், 'முகூர்த்த நாளில் போய்விடக் கூடாதே' என்றுதான் எனக்குத் தோன்றியது. இப்படி நினைக்கிற ஜென்மம் நான்!

அந்தச் சமயத்தில்தான் புதிதாக இன்னொரு தண்டவாளம் போடும் வேலை வந்தது. வேலையை எடுத்திருந்த கம்பெனி, தூசியும் சத்தமும் தாங்கப் போகிற தெருக்களுக்காக ஒரு நிதி ஒதுக்கியிருந்தது. மக்கள் என்ன கேட்கிறார்களோ அதைச் செய்துகொடுப்பார்களாம். மக்களிடம் பேசுவதற்கென்றே நித்யா என்ற பெண்ணை அனுப்பியிருந்தார்கள். நல்ல பெண். தொப்பியும் பச்சை மேல்சட்டையுமாக வெயிலில் வீடு வீடாக ஏறி இறங்குவாள். மகளிர் குழுவுக்கு நான் தலைவி என்பதால் முதலில் என்னிடம்தான் வந்தாள்.

"புதுத் தடத்துக்காக மேட்டை அகலப்படுத்தணும்மா. அந்தச் சின்னப் பாலத்தை நீட்டணும், இல்ல மூடணும். ஜனங்க பயன்படுத்துறாங்களான்னு கேட்டுட்டுத்தான் முடிவு பண்ணுவோம். ஞாயித்துக்கிழமை ஸ்கூல்ல கூட்டம் வெச்சுக்கலாமா?"

அவள் அதைக் கேட்ட அந்த நொடியில் என் புத்தி வேலை செய்த வேகத்தை நினைத்தால் எனக்கே பயமாக இருக்கிறது.

"ஸ்கூலுக்கு யாரும் வர மாட்டாங்கம்மா. கிருத்திகை அன்னைக்கு எங்க பஜனை கோயில்ல வெச்சிக்க. வீட்டுக்கு ஒருத்தர் கட்டாயம் வருவாங்க" என்றேன்.

பொய்யே இல்லை! கிருத்திகையன்று தெருவே அங்கேதான் இருக்கும். ஆனால் சாமி படத்துக்கு மாலை போட்டு, வேலுக்குப் பாலூற்றி, பாதிப் பேர் விரதத்தில் உட்கார்ந்திருக்கிற இடத்தில் எங்கள் ஜனங்கள் எவரும் சுடுகாடு என்ற பேச்சை எடுக்க மாட்டார்கள். செத்தாலும் எடுக்க மாட்டார்கள். அது நித்யாவுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

கூட்டம் நன்றாகவே நடந்தது. தெருவிளக்கு வேண்டும் என்றார்கள், குடிதண்ணீர் வேண்டும் என்றார்கள், சிமென்ட் ரோடு என்றார்கள். நித்யா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். கடைசியாகப் பாலத்தைப் பற்றிக் கேட்டாள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

ஒரே ஒரு ஆள் எழுந்தார். முனிரத்தினம். சந்தில் தறி ஓட்டுகிறவர். அவர் மனைவி தேவகிதான் என் ஹாலில் இலை போடுவதும், பரிமாறுவதும், என்னோடு உட்கார்ந்து காய் நறுக்குவதும். எனக்குக் கூடப் பிறந்தவள் மாதிரி.

"அந்தப் பாலம் இல்லன்னா ஆவாதுங்கம்மா... நம்ம ஜனம் எல்லாம் அந்த வழியாதான்..." என்று இழுத்தார்.

"எதுக்குங்கய்யா போறீங்க? அந்தப் பக்கம் வயல்தானே இருக்கு?"

முனிரத்தினம் சாமி படத்தருகே இருந்த வேலைப் பார்த்தார். வாய்வரை வந்ததை விழுங்கினார். பிறகு உதவிக்கு என்னைப் பார்த்தார்.

"ஆடு மாடு ஓட்டிகினு போவாங்கம்மா. இப்ப யாரு மாடு வெச்சிகினு கீறாங்க?" என்றேன் நான்.

நாலு பேர் சிரித்தார்கள். அவரும் கூச்சத்தோடு சிரித்துவிட்டு உட்கார்ந்தார். அவ்வளவுதான்... ஒரு பாலத்தை மூட அது போதுமாக இருந்தது.

கூட்டம் கலைந்த பிறகு பொங்கல் தொன்னையோடு என்னைத் தேடி வந்தார். நான் நினைத்தேன், சட்டையைப் பிடிக்காத குறையாகக் கேட்கப் போகிறார் என்று. அவரோ மெல்லிய குரலில், "நல்ல வேளை மழுப்பிட்டக்கா. சாமி முன்னாடி அந்தப் பேச்சு இன்னாத்துக்கு? அந்தப் பொண்ணுகிட்ட அப்பால பக்குவமா சொல்லிடு" என்றார்.

"ஆங், சொல்லிடறேன்" என்றேன்.

நித்யா அப்போது பத்தடி தூரத்தில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். நான் அவளிடம் போனேன். "பத்திரமா போய்ட்டு வாம்மா" என்றேன். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

பாலத்தின் வாயை அடைத்துச் சுவர் எழும்பியது. கூடவே விளக்குகள் வந்தன, ரோடு வந்தது, தண்ணீர்த் தொட்டி வந்தது. தொட்டியின் மேல் 'மக்கள் விருப்பப்படி' என்று எழுதியிருந்தார்கள். தெருவார் கேட்டபோதெல்லாம், "எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன், கேக்க மாட்டேங்கறாங்க. மேட்டு மேல ஏறித் தாண்டவாவது உடச் சொல்லிப் பேசறேன்" என்றேன். பைபாஸைச் சுற்றிக்கொண்டு சுடுகாட்டுக்கு ஒரு ரோடு இருக்கிறது. வண்டி வைத்துப் போகலாம். காகிதத்தில் பார்த்தால் யாருக்கும் ஒரு குறையும் இல்லை. என் ஹாலுக்கு முகூர்த்தங்கள் கூடின. நான் நிம்மதியாகத் தூங்கினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆம், தூங்கினேன்!

சுவர் எழும்பிய பிறகு தெருவில் விழுந்த முதல் சாவு முனிரத்தினம்.

தறியின் முன்னாலேயே சாய்ந்துவிட்டார். நான் போனபோது தேவகி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, அவங்க நைனா போன வழியாதான் தானும் போவணும்னு சொல்லிகினே இருப்பாரு. மேட்டு மேல ஏறித் தாண்ட உடுவாங்களாக்கா? நீ பேசறேன்னியே?"

அந்தக் கண்களைப் பார்த்து நான் எப்படி இல்லை என்பேன்? "உடுவாங்க. நான் பேசிட்டேன்" என்றேன். யாரிடமும் பேசவில்லை. சாவு என்று தெரிந்தால் தண்டவாள மேட்டில் காவலுக்கு நிற்பவன் கண்டும் காணாமல் இருந்துவிடுவான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பாடை புறப்பட்டது. என் வாசலைத் தாண்டி மேட்டடிக்குப் போனது. காவலாளி வடக்கத்திப் பையன். இரண்டு கையையும் விரித்துக் குறுக்கே நின்றுவிட்டான். அவன் செய்தது சரிதான். நொடிக்கொரு வண்டி போகிற தடம் அது. முனிரத்தினத்தின் மகன் சந்திரன் அவனைக் கெஞ்சியது என் வாசல்வரை கேட்டது. "எங்க பெரிம்மா பேசிகிறாங்க சார்... போன் போட்டுக் கேளுங்க சார்..."

அந்தப் பெரிம்மா நான்தான்! நான் அசையவில்லை. நின்ற இடத்தில் நின்றேன்.

வேறு வழியில்லை. பாடையைத் திருப்பினார்கள்.

வீட்டை விட்டுப் புறப்பட்ட உடல் அந்தத் தெருவில் திரும்பி வரக் கூடாது. அதைவிடக் கெட்டது எங்களுக்கு எதுவும் இல்லை. பறையடிக்கிறவர்கள் அடிப்பதை நிறுத்திவிட்டார்கள். சிந்திய பூக்களை மிதித்துக்கொண்டே, சத்தமில்லாமல், வந்த வழியே வந்தார்கள். எதிரே ஒவ்வொரு வீடாகக் கதவு சாத்திக்கொண்டது.

முதலில் சாத்திய கதவு என்னுடையது.

ஜன்னல் இடுக்கு வழியாகப் பார்த்தேன். தேவகி சந்து முனையில் ஈரத் துடைப்பத்தோடு நின்றிருந்தாள். உடல் போனதும் வீட்டைக் கழுவிவிட்டிருந்தாள். தன் புருஷன் திரும்பி வருவதைப் பார்த்தாள். துடைப்பத்தைப் போட்டுவிட்டு, "வராதய்யா... வராதய்யா..." என்று இரண்டு கையாலும் அவரை விரட்டினாள். உயிரோடு இருக்கும்போது ஒரு வார்த்தை கடிந்து பேசாத பெண், செத்தவரைத் தெருவில் நின்று விரட்டினாள். அதை நான்தான் செய்ய வைத்தேன். பிறகு வேன் வந்தது. ஏற்றினார்கள், கதவை மூடினார்கள், பைபாஸ் பக்கம் திரும்பிப் போய்விட்டது. பாலத்து வாயில் நிற்க இடமும் இல்லை, பார்க்கப் புகையும் இல்லை.

இப்போதாவது உண்மையைச் சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறீர்களா? காரியத்தன்று தேவகி சொந்தக்காரர்கள் நடுவில் என்னைக் காட்டி, "எங்களுக்காக அக்கா ஒண்டியா சண்ட போட்டுச்சு. அவங்கதான் வாயில சரின்னுட்டு ஏமாத்திட்டாங்க" என்றாள். எல்லோரும் என்னை மரியாதையோடு பார்த்தார்கள். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அந்தக் கண்ணீர் உண்மையானது. அதனால் என்ன? யாருக்கு என்ன லாபம்?

போன வாரம் நித்யா மறுபடி வந்தாள். நிதியில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறதாம்.

"ஏதாவது விட்டுப்போச்சாம்மா? அந்தப் பாலத்து மேல இன்னும் மண் கொட்டலை. உண்மையிலேயே வேணும்னா இப்ப சொன்னாக்கூடத் திறந்து நீட்டச் சொல்லிக் கேட்கலாம். அன்னைக்குச் சொன்னது தப்புன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும். மண் கொட்டிட்டா என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

ஒரு வார்த்தை! அதைச் சொன்னால் யார் சொன்ன தப்பு என்று தெரு கேட்கும். தேவகி கேட்பாள்... நான் நித்யாவுக்கு டீ கொடுத்தேன். "யோசிச்சு சொல்றேம்மா" என்றேன்.

நேற்று ஹாலில் நானும் தேவகியும் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தோம். வெளியே லாரிகள் மேட்டுப் பக்கம் போய்க்கொண்டிருந்தன. அவள் தலையை நிமிர்த்தாமலேயே சொன்னாள்.

"அக்கா, அவரத்தான் அப்படி ஆக்கிட்டாங்க. நான் போறப்போ இந்தத் தெருவுல திரும்பி வரக் கூடாதுக்கா. நீதான் பேசி எப்படியாவது பண்ணணும். எங்களுக்குப் பேச ஒன்ன உட்டா வேற யாரு கீறாங்க?"

"நான் பாத்துக்கறேன் தேவகி" என்றேன்.

அவள் சரி என்று தலையாட்டிவிட்டு அடுத்த காயை எடுத்தாள். நம்பிவிட்டாள். நித்யாவின் எண் என் கைபேசியில் இருக்கிறது. மேட்டடியில் மண் கொட்ட ஆரம்பித்துவிட்டார்கள்... சத்தம் இங்கேவரை கேட்கிறது. நான் இன்னும் அழைக்கவில்லை.