இரும்பு முளையா, சிவப்புப் புள்ளியா?

போன மாதம் ஒரு வியாழக்கிழமை காலை. முப்பது ரவையையும் சுட்டு முடித்துவிட்டு, சிவநேசன் என் முகத்தைப் பார்க்காமல் நின்றார். நான் போய், ஆள் உருவம் கீறிய இலக்குக் காகிதத்தைப் பார்த்தேன். பதினேழு ஓட்டை. மிச்சம் பதின்மூன்றும் பின்னாலிருந்த மண்மேட்டுக்குள்.

தேர்ச்சிக்கு இருபத்துநான்கு வேண்டும்.

“எப்பிடி அண்ணை?” என்றார்.

“மண்மேடு செத்துப்போச்சு. ஆள் உயிரோடை நிக்கிறான்” என்றேன்.

எனக்கு நயமாகச் சொல்ல வராது. பொலிசில் சார்ஜன்டாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது, வங்கிகளுக்குக் காசு கொண்டுபோகும் வான்களுக்குக் காவலாளிகளை அனுப்பும் ஒரு கொம்பனியின் யாழ்ப்பாணக் கிளையில் பிஸ்டல் பயிற்சி கொடுக்கிறேன். வருடத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு காவலாளியையும் சுடவைத்து, ‘இவர் துவக்கு வைத்திருக்கலாம்’ என்று கையெழுத்துப் போடவேண்டியதும் நான்தான்.

சிவநேசன் கொழும்புத்துறை ஆள். ஐம்பத்துமூன்று வயது. பதினொரு வருடமாக வானின் முன் சீற்றில் இருக்கிறார். வான் நின்றால் முதலில் இறங்குவது அவர். பெட்டி வங்கிக் கதவுக்குள் போகும்வரை வெயிலில் நிற்பதும் அவர். வேலை நேரத்தில் ஒருநாளும் பிஸ்டலை உறையை விட்டு வெளியே எடுத்ததில்லை. எடுக்காமல் இருப்பதுதான் அந்த வேலையின் திறமை.

கொம்பனியின் விதி இது: மூன்று முறை சுடலாம். மூன்றிலும் தவறினால் பிஸ்டலை வாங்கிவிடுவார்கள். பிறகு ஏதாவது களஞ்சியத்தின் கேற்றில் கதிரை போட்டு இருந்து, வந்துபோகும் லொறிகளின் இலக்கத்தைக் கொப்பியில் எழுதவேண்டியதுதான்.

அவருக்குத் தவறியது தெரிந்ததும் தொடங்கினார்கள் ஐயா, எங்கள் ஆட்கள்! “பாவம் அண்ணை, ஒரு சைன் தானே, போட்டு விடுங்கோவன்.”

பாவமா? யாருக்குப் பாவம்? பண்டத்தரிப்பில் வான் நிற்கும் இடத்தை நான் பார்த்திருக்கிறேன். பள்ளிக்கூடம் விடுகிற நேரம். ஒரு பக்கம் லொத்தர்ச் சீட்டு விற்பவர், மறு பக்கம் ஐஸ்கிரீம் வான், நடுவில் சைக்கிளோடு பிள்ளைகள். மண்மேட்டுக்குள் போன அந்தப் பதின்மூன்று ரவையும் அங்கே எங்கே போகும்? அங்கே மண்மேடு இல்லையே...

கையெழுத்துப் போட மறுத்தேன். இரண்டு பேர் என்னோடு கதைப்பதை நிறுத்தினார்கள். நிறுத்தட்டும்.

சரி, நல்லாச் சுட்டுக்கொண்டிருந்த மனிதருக்கு என்ன நடந்தது? கை நடுங்கவில்லை. விசையையும் பிழையாக இழுக்கவில்லை. கடைசியில், பழக வருகிற எல்லோரையும் கூப்பிடுவதுபோல ‘ஐசே’ போட்டு நானே கேட்டேன்: “ஐசே, உண்மையைச் சொல்லும். முன் முளை தெரியுதோ?”

பிஸ்டலை உறையில் வைத்துவிட்டுச் சொன்னார். “முளை தெரியேல்லை அண்ணை. அந்த இடத்திலை ஒரு புகைதான் நிக்குது.”

வெள்ளெழுத்து! நாற்பது தாண்டினால் எல்லோருக்கும் வருவதுதான். பேப்பரைக் கையை நீட்டிப் பிடித்து வாசிக்கிறோமே, அதே வருத்தம்.

பிஸ்டல் பிடிக்காதவர்களுக்காகச் சொல்கிறேன். சாதாரணப் பிஸ்டலின் முன்பக்கம் ஒரு சின்ன இரும்பு முளை இருக்கும். பின்பக்கம் ஒரு வெட்டு. வெட்டுக்கு நடுவில் முளையை நிறுத்தி, முளையின் தலையில் இலக்கை வைக்கவேண்டும். கண் பார்க்கவேண்டியது முளையை. அதாவது ஒரு கை தூரத்தில் இருக்கும் அரிசியளவு இரும்பை. வெள்ளெழுத்துக்காரன் அதை எப்படிப் பார்ப்பான்?

இரண்டாம் முறை, வாசிக்கும் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்தார். முளை தெளிவாகத் தெரிந்தது. ஆனால் இலக்கு மங்கிவிட்டது. “ஆணோ பெண்ணோ எண்டே தெரியேல்லை அண்ணை” என்றார். பத்தொன்பது.

இரண்டு வாய்ப்பும் போய்விட்டன.

அப்போதுதான் எங்கள் கிளை மனேஜர் ஒரு சின்னப் பெட்டியோடு வந்தார். நல்ல மனிதர். ஆனால் இன்டர்நெட்டில் எதைப் பார்த்தாலும் வாங்கிவிடவேண்டும் என்று நினைப்பவர். கொழும்புத் தலைமையகத்தில் கெஞ்சி, உரிய அனுமதியோடு ஒரு ரெட் டொட் எடுப்பித்திருந்தார். பிஸ்டலின் மேல் பூட்டுகிற, தபால் முத்திரையளவு கண்ணாடி. அதில் ஒரு சிவப்புப் புள்ளி தெரியும். முளையும் வேண்டாம், வெட்டும் வேண்டாம். இலக்கைப் பார்த்தால் போதும். புள்ளி அதன்மேல் வந்து நிற்கும்.

“உது விளையாட்டுச் சாமான்” என்றேன் நான்.

“ஏன் அண்ணை?”

“பற்றரி செத்தால்? மழை பட்டால்? சேட்டுக்குள்ளை கொளுவுப்பட்டால்? கீழை விழுந்து உடைஞ்சால்? இரும்புக்கு என்ன வருத்தம் வரும்? சொல்லும் பாப்பம்!”

மனேஜர் சிரித்தார். “இரும்புக்கு ஒரு வருத்தமும் வராது அண்ணை. பாக்கிற ஆளுக்கெல்லோ வந்திருக்கு.”

பதில் வராவிட்டால் எனக்குக் கோபம் வரும். வந்தது. எழும்பிப் போய்விட்டேன்.

ஆனாலும் பழக்கத்தானே வேண்டும்? மூன்று கிழமை, ஒவ்வொரு காலையும், அலுவலகத்தின் பின்வளவில் ரவை போடாத வெறும் பிஸ்டலோடு. உறையிலிருந்து எடு, நீட்டு, புள்ளியைப் பார், திரும்ப வை. சிவநேசனுக்குப் புள்ளி பிடிபடவே இல்லை. பிஸ்டலை மேலும் கீழும் ஆட்டிப் புள்ளியைத் தேடுவார்.

“காணேல்லை அண்ணை.”

“தேடாதையும்! அது எங்கை, பக்கத்து வீட்டுக்கே போட்டுது?”

புள்ளி தெரியும்போது நேரம் போய்விடும். பரீட்சையில் நேரக் கணக்கும் உண்டு. உள்ளுக்குள் எனக்கு ஒரு அற்ப சந்தோசம். பாத்தியோ, இரும்புதான் இரும்பு!

பரீட்சைக்கு முதல் நாள் விஜயதசமி. அலுவலகத்தில் ஆயுத பூசை. வேறு இடங்களில் சுத்தியலும் தையல் மெசினும் வைப்பார்கள். எங்களிடம் உண்மையாகவே ஆயுதம் இருக்கிறது. ரவை கழற்றிய பிஸ்டல்களை வரிசையாக ஒரு வெள்ளைத் துணியில் அடுக்கி, அவல், கடலை, வாழைப்பழம் எல்லாம் படைத்து, மனேஜரே வேட்டியோடு நின்று பூசை செய்தார். பக்தி கூடிப்போய் வானின் மூஞ்சி, பிரின்டர், காசுப் பெட்டியின் பூட்டு, எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம்.

ரெட் டொட்டுக்கும். எங்கே? நேரே கண்ணாடியின் முன்பக்கத்தில், இலக்கைப் பார்த்திருக்கும் பக்கத்தில். பெருவிரலால் அப்பி!

அடுத்தநாள் காலை, சுடும் திடலில்தான் நான் அதைக் கண்டேன். சந்தனம் காய்ந்து, சுவருக்குப் பூசிய சீமெந்து போல இறுகியிருந்தது. எனக்குத் தலைக்கேறியது.

“இதென்ன ஐசே கோலம்? துடையும்!”

சிவநேசன் பிஸ்டலைப் பின்னுக்கு இழுத்தார். “துடைக்கமாட்டன் அண்ணை.”

“என்ன?”

“சாமிக்கு வைச்சது. இண்டைக்கு என்ரை கடைசிச் சான்ஸ். சுடமுதல் துடைக்கச் சொல்லாதேங்கோ... என்ரை மனம் ஏவாது.”

முன்னாலே இலக்கே தெரியாத கண்ணாடி. அதைத் துடைக்கமாட்டேன் என்கிற மனிதர். எனக்கு அழுவதா அடிப்பதா என்று தெரியவில்லை. வேலிக்கு அந்தப்பக்கத்திலிருந்து ஒரு அம்மா வேறு கூப்பிட்டார். “தம்பிமார், எங்கடை வீட்டை பெரியபிள்ளையான பேத்திக்குச் சாமத்தியச் சடங்கு. பத்து மணிக்கு வீடியோக்காரன் வாறான். அதுக்கு முதல் உந்தச் சத்தத்தை முடிச்சுப்போடுங்கோ!”

இந்த ஊரில் வெடிச்சத்தம் கேட்டால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பதுங்குகுழிக்கு ஓடிய காலம் எனக்குத் தெரியும். இப்போது வீடியோவில் சத்தம் விழுந்துவிடும் என்று சண்டைக்கு வருகிறார்கள். வரட்டும்! இப்படிச் சண்டை நூறு வரட்டும். “ஓம் அம்மா, முடிச்சிடுறம்” என்றேன். அன்றைக்கு நான் பணிவாகக் கதைத்தது அவரோடு மட்டும்தான்.

பரீட்சைக்கு முன் ஐந்து ரவை பழகிப் பார்க்கலாம். “சரி, சந்தனத்தோடையே சுடும். தவறினாத்தான் புத்தி வரும்” என்று சிவநேசனிடம் சொன்னேன்.

பிஸ்டலை நீட்டினார். இடக்கண்ணை மூடினார்.

“சந்தனந்தான் தெரியுது அண்ணை. அதிலை புள்ளி நிக்குது. ஆளைக் காணேல்லை.”

“பிறகென்ன? துடையும் எண்டு—”

“பொறுங்கோ அண்ணை.”

குரல் மாறியிருந்தது. நான் பக்கமாகப் போய்ப் பார்த்தேன். இரண்டு கண்ணும் திறந்திருந்தன.

“அண்ணை... ஆளும் தெரியுது. புள்ளியும் தெரியுது. ஆளின்ரை நெஞ்சிலை நிக்குது!”

டப். டப். டப். டப். டப்.

ஐந்தும் ஒரு உள்ளங்கைக்குள். கொஞ்சம் வலப்பக்கமாக, ஒரு விரலளவு தள்ளி. ஆனால் ஐந்தும் உள்ளே.

நான் நம்பவில்லை. பிஸ்டலை வாங்கி நானே பார்த்தேன். உண்மைதான்! வலக்கண் புள்ளியைப் பார்க்கிறது. இடக்கண் இலக்கைப் பார்க்கிறது. மூளை இரண்டையும் சேர்த்து ஒரு படமாகத் தருகிறது. ஒரு விரல் தள்ளிப் போவதும் அந்த ஒட்டுவேலையில் வரும் சின்னப் பிசகுதான்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மூன்று கிழமையாக அந்த மனிதர் புள்ளியைத் தேடி அலைந்தாரே, ஏன்? ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு, இரும்பு முளையைப் பார்ப்பதுபோலக் கண்ணாடிக்குள் உற்றுப் பார்த்ததால். ஒற்றைக் கண்ணை மூடச் சொன்னது யார்? பதினொரு வருடமாகச் சொன்னது நான். எனக்கு அப்படித்தான் பழக்கினார்கள். நான் அப்படியே பழக்கினேன். புதுச் சாமானைக் கொடுத்துவிட்டுப் பழைய பாடத்தையே ஓதிக்கொண்டிருந்தேன். பிறகு சாமான் சரியில்லை என்று திட்டினேன்!

பரீட்சை நடந்தது. சந்தனத்தோடுதான். முப்பதில் இருபத்தாறு.

சிவநேசன் பிஸ்டலை வைத்துவிட்டுக் குந்தியிருந்து முகத்தைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. நான் கொஞ்ச நேரம் வேலிப்பக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஆனால் நான் விடவில்லை. வானில் போகும்போது தினமும் சந்தனம் இருக்குமா? “இப்பவாவது துடையும். திரும்பச் சுடவேணும்” என்றேன்.

“இப்ப துடைக்கலாம் அண்ணை. சாமி தன்ரை வேலையை முடிச்சிட்டுது.”

தண்ணீர் தொட்டுத் துடைத்தார். இரண்டு கண்ணும் திறந்தபடி, புள்ளியைத் தேடாமல், இலக்கை மட்டும் பார்த்துச் சுட்டார். இருபத்தெட்டு. பிறகு புள்ளியை அணைக்கச் சொன்னேன். பற்றரி செத்தால் என்ன செய்வாய் என்பதுதானே என் வாதம்? “கண்ணாடிச் சட்டத்துக்குள்ளை ஆளின்ரை நெஞ்சு அடங்கினால் சுடும்.” ஐந்து மீற்றரில் ஐந்தும் விழுந்தன.

எனது கடைசி வாதமும் செத்தது.

கையெழுத்துப் போட்டேன். பற்றரியைத் தைப்பொங்கலுக்கு ஒருமுறையும் ஆடிப்பிறப்புக்கு ஒருமுறையும் மாற்றவேண்டும் என்றும் எழுதினேன். திகதி போட்டால் மறப்பார்கள். பொங்கலையும் ஆடிக்கூழையும் எங்கள் ஆட்கள் மறப்பார்களா?

இரும்பு கூடாது என்று நான் சொல்லவரவில்லை. முப்பது வயதுக் கண்ணுக்கு அது போதும். விலையும் இல்லை, பற்றரியும் இல்லை. ஆனால் இரும்பு நல்லதா புள்ளி நல்லதா என்று கேட்கமுதல், பிஸ்டலைப் பிடிக்கப்போகிறவனுக்கு எது தெரிகிறது என்று கேட்கவேண்டும். இந்தச் சின்ன விசயம் எனக்கு ஐம்பத்தொன்பது வயதில்தான் விளங்கியது. விளங்கியதே, அது போதாதா?

கதை இங்கே முடிந்திருந்தால் எனக்கு மரியாதையாக இருந்திருக்கும். முடியவில்லை. பிஸ்டல்களை எடுத்து வைக்கும்போது சிவநேசன் மெதுவாகக் கேட்டார்.

“அண்ணை, கோவிக்கப்படாது... நீங்களும் ஒருக்காச் சுடுங்கோவன்? பத்து மணிக்கு இன்னும் நேரம் கிடக்கு.”

“எனக்கென்னத்துக்கு?”

“எங்களை நீங்கள் பாக்கிறியள். உங்களை ஆர் பாக்கிறது?”

எனது பழைய பிஸ்டல். பழைய இரும்பு முளை. நீட்டினேன். ஒற்றைக் கண்ணை மூடினேன். அந்த இடத்தில் ஒரு புகைதான் நின்றது. எத்தனை நாளாக நின்றதோ! தெரியாததுபோலவே இருந்திருக்கிறேன்.

இருபத்தொன்று.

சிவநேசன் சிரிக்கவில்லை. காகிதத்தை மடித்து என் கையில் தந்துவிட்டு, “வெயில் கண்ணுக்கை அடிச்சிருக்கும் அண்ணை” என்றார். முகில் மூடிக் கிடந்த காலை அது.

அலுவலகத்துக்குப் போய் ஒரு படிவம் எடுத்து, எனது பெயரை எழுதி, ‘தவறியுள்ளார்’ என்று நானே நிரப்பினேன். மனேஜர் பதறிவிட்டார்.

“என்ன அண்ணை இது? உங்கடையை ஒருத்தரும் கேக்கேல்லையே!”

“அதுதான் பிழை” என்றேன்.

முந்தநாள் கோப்பாயில் வங்கி வாசலில் வானைக் கண்டேன். சிவநேசன் இறங்கினார். இரண்டு கண்ணாலும் றோட்டைப் பார்த்தார். வழியை அடைத்து நின்ற சைக்கிள்காரரிடம், “அண்ணை, சைக்கிளை ஒருக்கா அங்காலை எடுங்கோ” என்றார். பெட்டி உள்ளே போனது. ஒன்றும் நடக்கவில்லை. நல்ல வேலை என்றால் அதுதான்.

எனக்கு இன்னும் இரண்டு முறை இருக்கிறது. எனது படிவத்தில் ‘பயிற்சி கொடுப்பவர்’ என்ற இடத்தில் சிவநேசனின் பெயரை எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

இரண்டு நாளாக அந்த ஆள் என்னை “ஐசே” என்றுதான் கூப்பிடுகிறார்.